மனித மையக் கணினி வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயலி, இணையதளம், அலுவலக மென்பொருள், தானியங்கிக் கருவி என எதையாவது பொதுமக்கள் கையில் கொடுக்கப்போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படிக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மனித மைய வடிவமைப்பு என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு கணினி அமைப்பைத் திட்டமிடும்போது, இயந்திரத்தால் என்னவெல்லாம் முடியும் என்று தொடங்காமல், அதைப் பயன்படுத்தப்போகிறவர் யார், எந்த வேலையை முடிக்க வந்திருக்கிறார், எந்தச் சூழலில் அமர்ந்திருக்கிறார் என்று தொடங்குவதையும், செய்ததை அவர் கையிலேயே கொடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடியும் கொடுத்துப் பார்ப்பதையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறோம். 1985-ஆம் ஆண்டில் ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை மூன்றே கொள்கைகளில் அடக்கினார்கள்: தொடக்கத்திலேயே பயனர்மீதும் அவருடைய வேலைமீதும் கவனம் வைப்பது, உண்மையான பயனரை வைத்து அளந்து பார்ப்பது, திருத்தித் திருத்திச் செய்வது. அதற்குப் பிறகு வந்த தரநிலைகள் பெரும்பாலும் இதன் விரிவுரைதான். 1999-இல் ஐஎஸ்ஓ 13407 என்ற பெயரில் வந்த பன்னாட்டுத் தரநிலை இப்போது ஐஎஸ்ஓ 9241-210 என்ற எண்ணில் இருக்கிறது; அதன் நடப்புப் பதிப்பு 2019-இல் வெளியானது.

அதே வரிசையைச் சேர்ந்த 9241-11, பயன்பாட்டுத்திறனை வரையறுக்கும்போது குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் என்ற மூன்றையும் விடாமல் சொல்கிறது. ஆகவே ‘எங்கள் செயலி மிக எளிமையானது’ என்று பொதுவாகச் சொல்வதற்கு அந்த வரையறையின்படி பொருளே இல்லை. யாருக்கு, எதைச் செய்வதற்கு, எங்கே வைத்து எளிமையானது என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அது ஒரு கூற்றாகும்.

பயனர்களிடம் கேட்டு, அவர்கள் கேட்டதைச் செய்துகொடுத்தால் போதாதா?

கேட்க வேண்டியது அவசியம்தான். ஆனால் கேட்டதோடு நிறுத்திக்கொண்டால் முக்கியமானவை தப்பிவிடும். மனிதர்கள் தாங்கள் செய்வதாகச் சொல்வதும் உண்மையில் செய்வதும் பல நேரங்களில் வேறாக இருக்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை. பழகிப்போன இடைஞ்சல் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பதிவுசெய்யும் மென்பொருளைச் சீரமைக்கும் வேலையில் நான் இருந்தேன். அங்கே பணிபுரிந்த ஓர் அம்மாவிடம் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டபோது, “எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தால் போதும், தம்பி” என்றார். மறுநாள் அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுத்தவுடன், அதிலுள்ள விவரங்களை ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டு, எல்லாம் சேர்ந்த பிறகுதான் விசைப்பலகையைத் தொட்டார். தொட்டபின் மூச்சுவிடாமல் தட்டெழுதி முடித்தார். காரணம் கேட்டதற்கு, நடுவில் யாராவது வந்து பேசினால் ‘அது வெளியே தள்ளிவிடும்’ என்றார். சில நிமிடங்கள் சும்மா இருந்தால் மென்பொருள் அவரை வெளியேற்றிவிட்டு, அதுவரை நிரப்பியதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது. அதை அவர் குறையாகச் சொல்லவே இல்லை, ஏனென்றால் தாளில் எழுதுவதும் தன் வேலையின் பகுதி என்று நினைத்திருந்தார். நிரப்பியதைத் தானாகச் சேமித்து வைக்கும் வசதியைச் சேர்த்த பிறகு அந்தத் தாள் மேசையிலிருந்து போய்விட்டது. எழுத்தையும் பெரிதாக்கினோம்.

பயனர் தவறு செய்தால் அதற்கு வடிவமைப்பாளர் எப்படிப் பொறுப்பாவார்?

இந்தத் துறையின் வேரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பி-17 குண்டுவீச்சு விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள், ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்களை உள்ளிழுத்து விமானத்தை வயிறு உராய விழவைத்த விபத்துகள் நடந்தன. ‘விமானியின் தவறு’ என்றே அவை பதிவாயின. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் பார்த்தபோது, சக்கரத்துக்கான கைப்பிடியும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அசையும் மடிப்புக்கான கைப்பிடியும் ஒன்றுபோலவே, அடுத்தடுத்து இருப்பதைக் கண்டார். ஒன்றின் முனையில் சிறிய ரப்பர் சக்கரத்தையும் மற்றொன்றின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தியதும், கைக்கே வேறுபாடு தெரிந்துவிட்டது. விமானிகளுக்குக் கூடுதல் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான பாடம் தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரத்தில் கிடைத்தது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள்மீது அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அவர்களில் சிலர் இறந்தார்கள். அடிப்படைக் கோளாறு நிரலில் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் திரை அப்போது இயக்குநருக்குக் காட்டியதைப் பாருங்கள்: கோளாறு 54 என்ற ஒரு வரி. அதன் பொருள் கையேட்டில் சரியாக விளக்கப்படவில்லை. தொடர்வதற்கு ஒரே ஒரு விசையை அழுத்தினால் போதும். அன்றாடம் சில்லறைக் கோளாறுகளுக்காகப் பல தடவை நின்று நின்று ஓடும் இயந்திரத்தில், அந்த விசையை அழுத்துவது இயக்குநர்களுக்குக் கைப்பழக்கமாகியிருந்தது. அபாயத்தையும் அற்பத்தையும் ஒரே குரலில் சொல்லும் இயந்திரத்தின் முன் யார் அமர்ந்திருந்தாலும் அந்த விசையை அழுத்தியிருப்பார்கள்.

என் வேலையில் ‘பயனர் தவறு’ என்ற சொற்றொடரை நான் பயன்படுத்துவதில்லை. அதை எழுதிவிட்டால் விசாரணை அத்துடன் முடிந்துவிடுகிறது. ‘இந்த இடத்தில் இப்படி அழுத்தினார்’ என்று எழுதினால் ஏன் என்ற கேள்வி தானாக எழும்.

சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும்?

ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். 1993-இல் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் பல சோதனைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக ஒரு பயனர் மொத்தச் சிக்கல்களில் ஏறக்குறைய 31 சதவீதத்தை வெளிப்படுத்துவதாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கின்படி ஐந்து பேர் சேர்ந்தால் 85 சதவீதம் அளவுக்குத் தெரிந்துவிடும்; ஆறாவது ஆள் பெரும்பாலும் ஏற்கெனவே கண்டதையே மறுபடி காட்டுவார். பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து பேரைச் சோதித்துத் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் போவது நல்லது என்பதே இதன் சாரம்.

இந்த எண்ணை மந்திரம்போல் பிடித்துக்கொள்வோர் இரண்டு செய்திகளை மறந்துவிடுகிறார்கள். 31 என்பது அந்தத் திட்டங்களின் சராசரி. அரிதாகத் தலைகாட்டும் சிக்கல் ஐந்து பேரிடம் வெளிப்படாமலே போகலாம். மேலும், ஒரு கருவியை மாணவர்களும் முதியவர்களும் பார்வைக் குறைபாடு உடையவர்களும் பயன்படுத்துவார்கள் என்றால் அவை தனித்தனிக் குழுக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் வேண்டும். எத்தனை பேர் வேலையை வெற்றிகரமாக முடிக்கிறார்கள் என்று சதவீதம் சொல்ல விரும்பினாலும் ஐந்து பேர் போதவே போதாது.

சோதனையின்போது நான் என்ன செய்ய வேண்டும்?

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் மிகக் கடினம். வேலையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். திரையில் ‘முகவரி மாற்றம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும்போது, ‘முகவரி மாற்றம் செய்யுங்கள்’ என்று கேட்டால் அது சொல் தேடும் விளையாட்டாகிவிடும். ‘நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள், இனி வரும் கடிதங்கள் புது வீட்டுக்கு வர வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். மனத்தில் ஓடுவதை அவரே சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்யட்டும். அவர் தடுமாறி உங்களைத் திரும்பிப் பார்க்கும் நொடியில் கை நீட்டிக் காட்டத் தோன்றும். காட்டிவிட்டால் அந்தச் சோதனை வீண். “நான் இங்கே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சோதிக்கப்படுவது மென்பொருள், அவர் அல்லர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது மரியாதை.

இன்னும் எதுவுமே உருவாகவில்லை. எதை வைத்துச் சோதிப்பது?

தாளை வைத்து. திரைகளைக் கையால் வரைந்து, பயனர் விரலால் ‘அழுத்தும்போது’ அடுத்த தாளை நீங்களே எடுத்து வைத்தால் அது ஒரு முன்மாதிரி. பளபளப்பான படத்தைக் காட்டினால் நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள். கோணல்மாணலாக வரைந்த தாளைக் காட்டினால் வேலையைப் பற்றிப் பேசுவார்கள், குறை சொல்லவும் தயங்க மாட்டார்கள்.

இது புதிய உத்தி ஒன்றும் அல்ல. 1981-இல் ஸ்காண்டிநேவியாவில் தொடங்கிய யுடோப்பியா திட்டத்தில், செய்தித்தாள் அச்சுக்கோப்பாளர்கள் தங்களுக்கு வரப்போகும் கணினிகளை அட்டையாலும் பலகையாலும் போலியாகச் செய்துவைத்து, அவற்றில் ‘வேலை செய்து’ பார்த்து, தங்களுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்தார்கள். பேசினால் புரிந்துகொள்ளும் கருவியைக்கூட இப்படிச் சோதிக்கலாம்: பக்கத்து அறையில் ஒருவர் அமர்ந்து, கணினி சொல்வதுபோல் பதில்களைத் தட்டெழுதிக்கொண்டிருப்பார். 1980-களின் தொடக்கத்தில் ஜான் கெல்லி இந்த முறைக்கு வடிவம் கொடுத்தார். இன்றைய உரையாடல் செயலிகளுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. சோதனை முடிந்ததும் பின்னால் இருந்தது மனிதர் என்று பயனரிடம் சொல்லிவிட வேண்டும்.

‘நிச்சயமாகவா?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால் தவறுகள் நின்றுவிடாதா?

நிற்காது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கப்படும் கேள்வியை நாற்பத்தோராவது தடவை யாரும் படிப்பதில்லை. கை தானாக ‘ஆம்’ என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மாநில மக்களின் கைபேசிகளுக்கு ஏவுகணைத் தாக்குதல் எச்சரிக்கை தவறாக அனுப்பப்பட்டது. அதை அனுப்பும் முன் மென்பொருள் நிச்சயமாகவா என்று கேட்கத்தான் செய்தது. ஒத்திகையை உண்மை என்று நம்பிவிட்ட ஊழியர் ஆம் என்று அழுத்தினார். நம்பிவிட்டவரிடம் கேட்கும் கேள்வியால் பயனில்லை. அங்கே உண்மையில் இல்லாமல் போனது திரும்பி வரும் வழி: அது தவறான எச்சரிக்கை என்று சொல்லும் செய்தி முன்கூட்டியே தயாராக வைக்கப்படவில்லை. திருத்தம் மக்களுக்குப் போய்ச்சேர 38 நிமிடங்கள் ஆயின.

ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் முன்கூட்டிக் கேட்பதற்குப் பதிலாகப் பின்னர் மீட்டெடுக்க விடுங்கள். அழித்த கோப்பு சில நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கட்டும். அனுப்பிய மடலைச் சில நொடிகள் பிடித்துவைத்து, ‘திரும்பப் பெறு’ என்று ஒரு பொத்தானைக் காட்டுங்கள். கேட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். ஒரு தமிழ்ச் செயலியில் நான் பார்த்த பெட்டி இது:

‘பதிவை ரத்து செய்யவா?’ கீழே இரண்டு பொத்தான்கள்: ‘சரி’, ‘ரத்து’.

பதிவை ரத்து செய்ய விரும்புகிறவர் எதை அழுத்துவார்? ‘ரத்து’ என்ற பொத்தானைத்தான். ஆனால் அது கேள்வியை ரத்து செய்துவிட்டுப் பதிவை அப்படியே விட்டுவிடும். ‘பதிவை நீக்கு’, ‘பதிவு இருக்கட்டும்’ என்று பொத்தான்களில் எழுதியிருந்தால், மேலே உள்ள கேள்வியைப் படிக்காதவர்கூடச் சரியாக அழுத்தியிருப்பார். முன் சொன்ன இயந்திரங்களைப் போல உயிரோடு விளையாடும் விஷயம் இல்லைதான். என்றாலும் காரணம் ஒன்றே.

பிழைச் செய்தியை எப்படி எழுதுவது?

என்ன நடந்தது, பயனர் கொடுத்தது என்ன ஆயிற்று, இனி என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘தவறான உள்ளீடு’ என்பதில் மூன்றும் இல்லை. ‘கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது, நிரப்பிய மற்ற விவரங்கள் அப்படியே உள்ளன, எண்ணைச் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள்’ என்பதில் மூன்றும் இருக்கின்றன. எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டு எழுதியதற்காகப் பயனரைக் கண்டிக்கும் படிவங்களை நான் இன்னும் பார்க்கிறேன்; இடைவெளியை நீக்குவது நிரலாளருக்கு ஒரே வரி வேலை.

எவ்வளவு வேகம் போதும்?

பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் தன் கையே அதைச் செய்ததாகப் பயனருக்குத் தோன்றும். ஒரு நொடி வரை தாமதம் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து நொடிகளைத் தாண்டினால் கவனம் வேறெங்காவது போய்விடும். 1968-இல் ராபர்ட் மில்லர் எழுதிய ஆய்வுரையிலிருந்து வரும் இந்த அளவுகள் இன்றும் மாறவில்லை, ஏனென்றால் அவை கணினியைப் பற்றியவை அல்ல. நேரமாகும் வேலை என்றால் எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைக் காட்டுங்கள். பணம் செலுத்தும் இடத்தில் எதுவும் காட்டாமல் இருந்தால், பயனர் பொத்தானை இரண்டாம் முறை அழுத்துவார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், ஆனால் வீட்டைக் கட்டி முடித்தபின் அடித்தளத்தைத் தோண்டுவது போன்ற செலவு அது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிடும் அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. தொடக்கத்திலேயே அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து என்ற நாகரிகம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். விரலால் தொடும் இடங்களுக்கும் குறைந்தபட்ச அளவு தரப்பட்டிருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது: சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களிடையே கணிசமாக உண்டு, அவர்களுக்குச் ‘சிவப்பில் உள்ள கட்டங்களை நிரப்புக’ என்பது விடுகதை.

திரையில் உள்ளதைச் சத்தமாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைக் கொண்டு உங்கள் செயலியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள். படக்குறிக்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால், ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்று அது படித்துக்கொண்டே போகும். இந்த ஏற்பாடுகளின் பயன் ஒரு பிரிவினரோடு நிற்பதும் இல்லை. வெயிலில் கைபேசியைப் பார்ப்பவர், ஒரு கையில் குழந்தையை வைத்திருப்பவர், கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர் என எல்லாரும் ஏதாவது ஒரு நேரத்தில் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

முதியவர்களுக்குத் தனியாக ‘எளிய பதிப்பு’ தரலாமா?

நான் தவிர்ப்பேன். எளிய பதிப்பில் வழக்கமாக எழுத்து பெரிதாகவும் வசதிகள் பாதியாகவும் இருக்கும். புதிய வசதிகள் அங்கே கடைசியாகத்தான் வந்துசேரும், அல்லது வரவே வராது. வயதானவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் தெளிவான எழுத்து, அவசரப்படுத்தாத நேரம், அடிக்கடி இடம் மாறாத பொத்தான்கள். இவை மற்றவர்களுக்கும் வேண்டியவைதான்.

பட்டியலில் ஏழு உருப்படிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்களே?

அந்த ஏழுக்கு மூலமாக, 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதியது, கேட்டதை உடனடியாக நினைவில் வைத்துக்கொள்ளும் அளவைப் பற்றியது. திரையில் கண்முன் இருக்கும் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. நன்றாகத் தொகுத்து வரிசைப்படுத்திய இருபது உருப்படிகள், ஏழு ஏழாக மூன்று திரைகளில் ஒளித்துவைத்ததைவிட நல்லவை.

பாதுகாப்புக்காகச் சற்றுத் தொல்லை கொடுக்கத்தானே வேண்டும்?

தொல்லை தாங்காதபோது பயனர் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால், இறுதியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள். பெரிய எழுத்து, எண், சிறப்புக்குறி எல்லாம் கட்டாயம் என்றால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டுவார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காரணமின்றிக் காலமுறைப்படி மாற்றச் சொல்வதையும் எழுத்துக்கலவை விதிகளையும் கைவிடுமாறு பரிந்துரைத்தது. வேறிடத்தில் நகலெடுத்த கடவுச்சொல்லை, தட்டெழுதாமல் அப்படியே கட்டத்தில் ஒட்ட அனுமதிக்கவும் சொன்னது. நீளமான கடவுச்சொல்லை அனுமதிப்பதும், ஏற்கெனவே கசிந்தவற்றை மறுப்பதும் கூடுதல் பயன் தரும்.

மேம்பட்டிருக்கிறதா என்பதை எப்படி அளப்பது?

வேலையை முடித்தவர்கள் எத்தனை பேர், எடுத்த நேரம், நடுவில் செய்த தவறுகள் ஆகிய மூன்றையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எண்ணுங்கள். மனநிறைவை அளக்க, 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட மதிப்பீட்டு அளவுகோல் இன்றும் போதுமானது. அதன் முடிவு 0 முதல் 100 வரை வரும். அது சதவீதம் அல்ல. 68 என்பது சராசரி என்பதால், 60 வாங்கிவிட்டோம் என்று மகிழ்வதற்கில்லை. செயலியில் செலவிடும் நேரம் கூடியிருக்கிறது என்ற எண்ணை மட்டும் வெற்றியாகக் காட்டாதீர்கள். தேடிக் கிடைக்காமல் அலைபவரும் அதிக நேரம்தான் செலவிடுவார்.

பயனரை அறிந்த அறிவைக் கொண்டு அவரை ஏமாற்றவும் முடியுமே?

முடியும், நடக்கவும் செய்கிறது. சேர்வதற்கு ஒரு தட்டல், விலகுவதற்கு ஐந்து திரைகள். முன்கூட்டியே குறியிட்டு வைத்த சம்மதக் கட்டம். மறுக்கும் பொத்தானை மட்டும் வெளிறிய நிறத்தில் வைப்பது. 2010-இல் ஹாரி பிரிக்னல் இவற்றுக்கு இருண்ட வடிவமைப்பு என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டினார். எனக்கு இதில் நடுநிலை கிடையாது. விலகும் வழியைச் சேரும் வழியின் அளவுக்கே குறுகியதாக வைக்க மறுக்கும் நிறுவனம், பயனருக்காக வடிவமைப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

எங்களிடம் நேரமும் இல்லை, ஆட்களும் இல்லை, எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரின் அனுமதியோடு, அரை நாள் அவர் அருகில் அமருங்கள். திரையோரம் ஒட்டியிருக்கும் சீட்டுகளை முதலில் படியுங்கள். ஒவ்வொன்றும் மென்பொருள் சொல்லத் தவறிய ஒரு செய்தி. பிறகு, அவர் கை எப்போதெல்லாம் விசைப்பலகையை விட்டுப் பேனாவுக்கோ கைக்கணிப்பானுக்கோ போகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். மதிய இடைவேளைக்குள் முதல் மாதத்துக்கான வேலைப் பட்டியல் உங்களிடம் இருக்கும்.